பள்ளி வரி குறித்த பத்தி

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. என் மனைவியிடமிருந்து எடுத்தது. திருடியது என்று எழுத ஆசைதான். ஆனால் முறையாகக் கேட்டுத்தான் எடுத்தேன் என்பதால் அந்தச் சொல்லின் கவர்ச்சி எனக்குக் கிடைக்காமல் போய்விட்டது.

அவள் மாநில நிதித்துறையில் துணைச் செயலாளர். நிதியமைச்சர் சட்டமன்றத்தில் வாசிக்கிற பட்ஜெட் உரையில், வரிகளைப் பற்றிய பகுதியை எழுதுகிறவள் அவள். ஆகவே எங்கள் வீட்டில் நாடறிந்த எழுத்து அவளுடையதுதான். என்னுடையது விற்காத புத்தகங்களாகக் கட்டிலுக்கு அடியில், பெட்டி பிரிக்காமல் இருக்கிறது.

"எழுதிக்கோங்க. ஆனா ஒண்ணு. நடந்தது நல்லபடியா முடிஞ்சுது. நீங்க பேனாவை எடுத்து அதைக் கெடுத்துடாதீங்க" என்றாள்.

"நான் ஏன் கெடுக்கப் போறேன்?"

"உங்க கதையில யாராவது ஒருத்தர் செத்தாகணும். இல்லன்னா பைத்தியமாகணும். எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது. துக்கத்தை எழுத, கதை எழுதுகிற எங்களுக்கு நூறு வழி தெரியும். 'அப்பாடா' என்பதை எழுத அந்த ஒரு சொல்லை விட்டால் வேறு கதியில்லை. அதற்காகவே இதை எழுதிப் பார்க்கிறேன்.

இன்னொரு நிபந்தனை, பெயர் போடக் கூடாது என்பது. அவர்கள் வீட்டில் இரண்டு பெண்கள். எங்கள் குடும்பப் பேச்சில் அவர்கள் பெரியவள், சின்னவள். என் மனைவி பெரியவள். கதையிலும் அப்படியே இருக்கட்டும். நான் எழுதியதை அவள் படித்துவிட்டுச் சொன்னவற்றைச் சதுர அடைப்புக்குள் போட்டிருக்கிறேன். சிலவற்றுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: 'புயல் கரையைக் கடந்தபோது பெரியவள் சன்னலருகே நின்று—'

நிற்கவில்லை. தலைநகரில் அன்று கொஞ்சம் மழை, கொஞ்சம் காற்று, அவ்வளவுதான். மாடியில் ஒரு பூந்தொட்டி கவிழ்ந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தொடக்கம்: 'வகுப்பறைக் கரும்பலகையில் ஒரு கணக்கு பாதியில் நின்றிருந்தது. அதைப் போட்டுக்கொண்டிருந்த கைக்கு இப்போது வீடில்லை—'

[கணக்கு ஒண்ணும் இல்ல. யார் யார் இன்னும் சுற்றுலாவுக்குப் பணம் தரலன்னு எழுதியிருந்துச்சு.]

சரி. மூன்றாவது. போனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் போனில்தான் தொடங்கியது.

சின்னவள் கடலோரச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள். தற்காலிக ஆசிரியை. அவள் கணவர் குளிர்பதனப் பெட்டி பழுது பார்ப்பவர். ஒரே மகள். புயலுக்கு மறுநாள் போன் கிடைக்கவில்லை. அடுத்த நாளும் கிடைக்கவில்லை. பெரியவள் வாசல் மிதியடியைத் துவைத்தாள், யாரும் கேட்காத அலமாரியைத் துடைத்தாள். பிறகு ஒரு காலை, தெரியாத எண்ணிலிருந்து மணியடித்தது.

"அக்கா, நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். வீடுதான் சரியில்ல."

"சரியில்லன்னா?"

"கூரை இல்ல. சமையலறைச் சுவரும் இல்ல. மத்தபடி எல்லாம் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள் சின்னவள். சிரிப்பு நீண்டுகொண்டே போய் வேறு ஏதோ ஆகத் தொடங்கியபோது, "இரு, வரிசையில ஆளுங்க நிக்கிறாங்க, இது அடுத்தவங்க போன்" என்று வைத்துவிட்டாள்.

ஊரில் கெட்டியாக நின்ற கட்டடம் பள்ளிக்கூடம் மட்டுமே. வீடிழந்தவர்களை அங்கேதான் தங்கவைத்தார்கள். வகுப்புகளைப் பிரித்துக் கொடுத்தபோது சின்னவளின் குடும்பத்துக்கு விழுந்தது அவளுடைய எட்டாம் வகுப்பு அறையேதான். 'இனிமே வேலைக்கு லேட்டாப் போக முடியாது' என்று குறுஞ்செய்தி அனுப்பினாள்.

"கிளம்பி இங்க வாங்கடி" என்றாள் பெரியவள், போன் கிடைத்தபோதெல்லாம்.

"வர்றேன், வர்றேன். பசங்களை விட்டுட்டு எப்படி வர்றது? வராந்தாவுல உக்கார வச்சுப் பாடம் எடுக்கிறேன். எடுக்கலன்னா இவங்க பண்ற சத்தத்துல இந்தக் கட்டடமும் விழுந்துடும்."

3

இந்த இடத்தில் பள்ளி வரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். எங்கள் மாநிலத்தில் வீடு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறை பள்ளி வரி கட்டுகிறார்கள். அந்தந்த ஊரின் வரி அந்தந்த ஊர்ப் பள்ளிக்கே போகிறது. நிரந்தர ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு கொடுக்கும். தற்காலிக ஆசிரியர்களுக்கு இந்த வரியிலிருந்துதான். அவ்வளவுதான். இப்போது, ஊரில் பாதி வீடுகள் விழுந்துவிட்டால்?

(என் அச்சக நண்பர் ஒருவர் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, "கதையில் வரி வந்தால் வாசகர் ஓடிவிடுவார்" என்றார். கூரை பறந்ததைப் படித்தும் ஓடாமல் இருந்தீர்களே, இதற்கும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.)

விழுந்த வீட்டுக்கு வரி கேட்க யாருக்கும் மனம் வராது. கேட்டால் ஓட்டும் வராது. பட்ஜெட் நெருங்கிக்கொண்டிருந்தது. சாலைகள், மின்கம்பங்கள், குடிநீர்க் குழாய்கள் என்று புயல் செலவு கழுத்தை நெரித்தது. நிதியமைச்சர், "பள்ளி வரியைத் தள்ளுபடி செய்வதாக ஒரு பத்தி எழுதிக் கொடுங்கள்" என்று செயலாளரிடம் சொன்னார். செயலாளர் பெரியவளிடம் சொன்னார். செயலாளர் அதிகம் பேசாத அம்மா, ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது.

"தள்ளுபடி பண்ணிட்டா பள்ளிகளுக்குப் பணம் வராதே மேடம். அந்த இடத்தை எதை வச்சு நிரப்புறது?" என்று கேட்டாள் பெரியவள்.

"நிரப்பப் பணமில்லை. ரெண்டு வருஷம் அவங்களே சமாளிச்சுக்கட்டும்."

பெரியவள் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். பத்தியை எழுதினாள். நன்றாகவே எழுதினாள்:

'புயலில் வீடிழந்த குடும்பங்களின் துயரத்தை உணர்ந்து, அவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பள்ளி வரி முழுமையாகத் தள்ளுபடி செய்யப்படும். இதற்கேற்பத் தங்கள் செலவினங்களைச் சீரமைத்துக்கொள்ளுமாறு பள்ளிகள் அறிவுறுத்தப்படும்.'

முதல் வாக்கியத்துக்கு எல்லாரும் மேசையைத் தட்டுவார்கள். அந்தச் சத்தத்தில் இரண்டாவது வாக்கியம் யார் காதிலும் விழாது. 'செலவினங்களைச் சீரமைத்துக்கொள்ளுதல்' என்றால் தற்காலிக ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்புவது. வீடிருந்தால்.

[கடைசியில இருக்கிற அந்த ஒரு வார்த்தையை எடுத்துடுங்க. குத்தலா இருக்கு.]

எடுக்கவில்லை.

அன்று மாலை சின்னவள் உற்சாகமாகப் போன் செய்தாள். "அக்கா, இங்க ஊரெல்லாம் ஒரே பேச்சு. பள்ளி வரியைத் தள்ளுபடி பண்ணப் போறாங்களாமே! நிஜமா? உன் கையிலதானே இருக்கு? பண்ணுக்கா, புண்ணியமாப் போகும்."

பட்ஜெட்டில் என்ன வருகிறது என்பதைச் சட்டமன்றத்தில் வாசிக்கும்வரை வெளியே சொல்லக் கூடாது. வீட்டில்கூட. என்னிடமும் அவள் சொல்லவில்லை. இதையெல்லாம் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அப்போது நான் பார்த்தது, போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்ற என் மனைவியை மட்டுமே.

"நேரத்துக்குச் சாப்பிடுடி" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்வைகள், பாத்திரங்கள், சின்னவளின் மகளுக்குச் செருப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். 'வழி நெடுக வேரோடு சாய்ந்த மரங்கள், மண்ணில் விழுந்த—' வேண்டாம். புயலுக்குப் பிந்தைய சாலை எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த வகுப்பறையைச் சொல்கிறேன். பெஞ்சுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டில் ஆக்கியிருந்தார்கள். பூகோளப் படம் மாட்டுகிற இரண்டு கொக்கிகளுக்கு நடுவே கயிறு கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். ஆசிரியர் மேசைமேல் அடுப்பு. ஈரச் சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசனை. சின்னவளின் கணவர் வெளியே யாருடைய குளிர்பதனப் பெட்டியையோ பிரித்துப்போட்டிருந்தார். ஊர் முழுக்க உப்புத்தண்ணீர் புகுந்த பெட்டிகள். அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை, கூலி கொடுக்கத்தான் யாரிடமும் காசில்லை.

"வாங்க மாமா, இப்படி உக்காருங்க. அது ஆடும், இந்த பெஞ்ச்ல உக்காருங்க" என்று என்னை வரவேற்ற சின்னவள், அக்காவைக் கட்டிக்கொண்டாள். மெலிந்திருந்தாள். வாய் மட்டும் மெலியவில்லை.

"வரி மட்டும் தள்ளுபடி ஆகட்டும்க்கா, அந்தப் பணத்துல முதல்ல தகரம் வாங்கிக் கூரையைப் போட்டுடுவோம். அப்புறம் என் சம்பளம் இருக்கு, சுவரை எழுப்பிடலாம். கணக்குப் போட்டுட்டேன்."

பெரியவள் கொண்டுவந்த போர்வையை மடித்தாள். மடித்திருந்த போர்வைதான். பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கிற?"

"என்ன பேசச் சொல்ற?"

"தள்ளுபடி வராதா?"

"இதெல்லாம் நான் பேசக் கூடாதுடி."

"வரும்னா உன் மூஞ்சி இப்படி இருக்காதே." சின்னவள் கணக்கு டீச்சர். ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கத்தைக் கண்டுபிடிப்பது அவள் தொழில். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இல்ல, தள்ளுபடி வருது. சரிதானே? அப்போ பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்?" "எங்களை அனுப்பிடுவாங்களா?"

"கேக்காதேடி."

"நான் வேற யாரைக் கேக்குறது? நீ இப்போ யாரா வந்திருக்கே? எங்க அக்காவா, இல்ல ஆபீசரா?"

"நான் ஒரு வார்த்தை சொன்னேன்னா என் வேலை போயிடும்."

"ஓ" என்றாள் சின்னவள். "உன் வேலை."

நான் நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்ல வந்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. நல்லவேளை, சொல்லவில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு மாமா, கிளம்புங்க" என்று சின்னவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரம் நிறைய இருந்தது. அதன் பிறகு சின்னவள் போனை எடுக்கவே இல்லை.

5

என் முதல் பிரதியில் இந்த இடத்தில் பெரியவள் கதறி அழுதாள். [அழல.] சரி, அழவில்லை. மறுநாள் காலை அலுவலகம் போனதும் நேராகச் செயலாளர் அறைக்குப் போனாள்.

"மேடம், பள்ளி வரிப் பத்தியை நான் எழுதியிருக்கக் கூடாது. அந்த ஊர்ல என் தங்கச்சி தற்காலிக ஆசிரியை."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இது உங்களுக்கு எப்பவிருந்து தெரியும்?"

"புயலுக்கு முன்னாடியிருந்தே தெரியும்."

"அப்போ ஏன் இன்னைக்குச் சொல்றீங்க?"

"நேத்து அவளைப் பார்த்தேன்."

செயலாளர் திட்டவில்லை. தட்டிக்கொடுக்கவும் இல்லை. "சொன்னது நல்லது. இனிமே அந்தப் பத்தியோட கடைசி வடிவம் உங்க கைக்கு வராது. உங்களுக்கும் சட்டமன்றத்துல கேட்டாத்தான் தெரியும். ஆனா மாத்துவழி எதாவது யோசிச்சு வச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க. தங்கச்சி விஷயத்தையும் சேர்த்துத்தான் அமைச்சர்கிட்ட சொல்வேன்."

"யோசிச்சிருக்கேன். தள்ளுபடி இருக்கட்டும். பள்ளிகளுக்கு அதனால குறையிறதை அரசாங்கமே ரெண்டு வருஷத்துக்குக் குடுக்கட்டும்."

"பணம்?"

"நம்ம புதுக் கட்டடத்தை ரெண்டு வருஷம் தள்ளிப்போடலாம்."

செயலாளர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிரே, நிதித்துறையின் புதுக் கட்டடத்துக்காக அளந்து கயிறு கட்டிய காலி மனை. பழைய கட்டடத்தில் பதினோரு பேர் ஒரே அறையில் இருந்தார்கள். மழை பெய்தால் கோப்புகளை நகர்த்த வேண்டும். மூன்று மாடிக்கும் லிஃப்ட் கிடையாது. அந்தப் புதுக் கட்டடத்துக்காகப் பல வருடங்கள் எழுதி, கெஞ்சி, சண்டை போட்டவர்களில் முதல் ஆள் செயலாளர்தான். அவர் ஓய்வு பெறுவதற்குள் அதில் ஒரு நாளாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த ஆசை.

"உங்களுக்கு வேற எதுவும் கிடைக்கலையா?" என்றார்.

"தேடினேன் மேடம். மத்ததெல்லாம் தண்ணி, ரோடு, ஆஸ்பத்திரி."

பெரியவளின் பிரிவில் மூட்டுவலியோடு மூன்று மாடி ஏறுகிற மூத்த அலுவலர் ஒருவர் உண்டு. பட்ஜெட் குழுவில் அவரும் இருந்ததால் அவரிடம் அவளே சொன்னாள். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "ரிடையர் ஆகறதுக்குள்ள நான் அந்த லிஃப்ட்டைப் பார்க்கப் போறதில்லன்னு எனக்கு எப்பவோ தெரியும் மேடம். போகட்டும், விடுங்க. ஆனா இனிமே கூட்டத்தையெல்லாம் கீழ்த்தளத்துல வையுங்க. மேல வச்சீங்கன்னா நான் வர மாட்டேன்."

[அவர் இவ்வளவு சிரிச்ச முகமா சொல்லல. அப்புறம் ரொம்ப நாள் என்கிட்ட பேசல. அதையும் எழுதுங்க.]

எழுதிவிட்டேன்.

அடுத்து அமைச்சர். இவரிடம்தான் எனக்குச் சிக்கல். எந்தக் கோரிக்கைக்கும் அவர் சொல்கிற ஒரே பதில் 'பார்ப்போம்' என்பதால், அலுவலக வராந்தாக்களில் அவருக்குப் பெயரே பார்ப்போம்தான். என் இரண்டாவது பிரதியில் அவருக்குத் தங்கச் சட்டம் போட்ட கண்ணாடியும் விரல் நிறைய மோதிரங்களும் கொடுத்து, ஒரு வில்லனாக உட்காரவைத்தேன். கதை ஜோராக நகர்ந்தது. பெரியவள் படித்துவிட்டு, "அவர் போடுறது பிளாஸ்டிக் கண்ணாடி. இழுப்பறையில பிஸ்கட் வச்சிருப்பார், எதிர்ல இருக்கிறவங்களுக்கும் குடுப்பார்" என்றாள். பிஸ்கட் கொடுக்கிற வில்லனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மோதிரங்களைக் கழற்றிவிட்டேன்.

அமைச்சர் அவளை ஒருமுறை கூப்பிட்டு விளக்கம் கேட்டார்.

"இதெல்லாம் தங்கச்சிக்காகவா?"

அதற்குப் பெரியவள் நிமிர்ந்து நின்று, 'ஐயா, அந்தக் கடற்கரையில் இருக்கிற ஒவ்வொரு ஆசிரியையும் யாரோ ஒருவரின்—'

[இப்படி நான் பேசவே இல்ல. சினிமா மாதிரி இருக்கு. அடிச்சிடுங்க.]

அடித்துவிட்டேன். அவள் உண்மையில் சொன்னது: "ஆமா சார், அவளாலதான் இது என் கண்ணுல பட்டுது. இல்லன்னா பட்டிருக்காது. அதனால கணக்கை வேற யாரையாவது சரிபார்க்கச் சொல்லுங்க."

அமைச்சர் பிஸ்கட்டை நீட்டினார். அவள் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

"பார்ப்போம்" என்றார்.

6

பட்ஜெட் நாள்.

அதிகாரிகள் மாடத்தில் பெரியவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் மடியில் அச்சிட்ட உரை இருந்தது. சீல் உடைத்துக் கொடுத்த பிரதி. செயலாளர் அவளுக்கும் ஒன்றை நீட்டியபோது, அவள் வாங்கி மடியில் குப்புற வைத்துக்கொண்டாள். புரட்டிப் பார்த்திருக்கலாம். அப்போது அதில் தவறும் இல்லை. ஏன் பார்க்கவில்லை என்று பிற்பாடு கேட்டேன். "பயமா இருந்துச்சு, வேற என்ன?" என்றாள்.

அமைச்சர் விவசாயம் படித்தார். சாலை படித்தார். எதிர்க்கட்சியில் ஒருவர் கொட்டாவி விட்டார். புயல் வந்தது. நிவாரண முகாம்கள், மின்கம்பங்கள், மீன்பிடிப் படகுகள். ஒவ்வொன்றுக்கும் மேசை தட்டினார்கள். பெரியவள், தான் எழுதிய வாக்கியம் தன்னை நோக்கி வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புயலில் வீடிழந்த குடும்பங்களின் துயரத்தை உணர்ந்து, அவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பள்ளி வரி முழுமையாகத் தள்ளுபடி செய்யப்படும்."

தட்டினார்கள் பாருங்கள், அப்படித் தட்டினார்கள். அமைச்சர் கையைக் கொஞ்சம் தூக்கி, சத்தம் அடங்கக் காத்திருந்தார். பிறகு தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

[நிஜமாவே குடிச்சார். நீங்க பதற்றத்துக்காகச் சேர்த்ததுன்னு நினைப்பாங்க. குடிச்சார்னு அழுத்திச் சொல்லுங்க.]

குடித்தார். தம்ளரை மூடினார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். இதுவரை என் கதைகளில் எத்தனையோ பேர் தண்ணீர் குடித்திருக்கிறார்கள், யாரும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

"இதனால் பள்ளிகளுக்கு ஏற்படும் வருவாய்க் குறைவை அரசே ஈடுசெய்யும். ஆசிரியர் எவரும் இதன் பொருட்டுப் பணியிழக்க மாட்டார்."

அந்தக் கடைசி வாக்கியம் பெரியவள் எழுதியது அல்ல. செயலாளர் எழுதியதா, அமைச்சரே சேர்த்ததா, இன்றுவரை தெரியாது. இரண்டு வரிசைக்கு முன்னால் செயலாளர் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பெரியவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பக்கத்திலிருந்த மூட்டுவலிக்காரர், "என்ன மேடம், பஸ் டயர்ல காத்து இறங்கற மாதிரி" என்றார். அவர் அவளோடு பேசிவிட்டார் என்பதே அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

உரை முடிவதற்குள்ளேயே அவளுக்கு அப்படியொரு பசி. உணவகத்துக்குப் போய் இரண்டு ரொட்டியும் டீயும் சாப்பிட்டு, போதாமல் இன்னொரு ரொட்டி வாங்கினாள். சின்னவளின் வகுப்பறையிலிருந்து திரும்பியதிலிருந்து அவள் எதையும் முழுதாகச் சாப்பிட்டிருக்கவில்லை. எனக்கு அந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை. மூன்று ரொட்டி என்று எழுதுகிறேன், நீங்கள் புரிந்துகொள்ளுங்கள்.

மாலையில் போன் வந்தது.

"அக்கா."

"சொல்லுடி."

"வராந்தாவுல எல்லாரும் ஒரே செல்போன்ல கேட்டோம். அந்த ஆள் தண்ணி குடிச்சார் பாரு, தலைமையாசிரியர் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டார்." "நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"விடு."

"நீ வாயைத் திறக்க முடியாம உக்காந்திருந்தேன்னு புரியாம இல்ல. புரிஞ்சுதான் கோவம் வந்துச்சு."

"விடுடி. சாப்டியா?"

"சாப்டேன். நீ?"

"ரொம்பச் சாப்டேன்."

7

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அப்படி முடித்தால் பட்ஜெட் உரை மாதிரி ஆகிவிடும், எல்லாம் சுபம் என்று. ஆகவே பாக்கியையும் சொல்கிறேன்.

சேதத்தை மதிப்பிட வந்த அதிகாரி, சின்னவளின் வீட்டைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, 'பகுதிச் சேதம்' என்று எழுதிக்கொண்டு போனார். மூன்று சுவர் நிற்கிறதாம். முழுதாக விழுந்த வீடுகளுக்குத்தான் தள்ளுபடி. ஆக, சின்னவளுக்கு வேலை பிழைத்தது, தள்ளுபடி பிழைக்கவில்லை. "என் சம்பளத்துக்கு நானே வரி கட்டுறேன்க்கா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் கணவர் மேல்முறையீடு செய்யலாம் என்கிறார். செய்யட்டும். தகரம் கடனுக்குக் கிடைத்துவிட்டது. இரண்டு வருடம் கழித்துப் பள்ளிகளுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது அப்போதைய பட்ஜெட்டின் கவலை. புதுக் கட்டட மனையில் இப்போது செயலாளர் கார் நிறுத்துகிறார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள், தனியாக. குளித்தாள். வெந்நீரில் குளித்து எத்தனை நாள் ஆயிற்று என்று குளியலறைக்குள்ளிருந்தே சத்தம் போட்டுச் சொன்னாள். தலையைத் துவட்டியபடி வந்து சோபாவில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் டீ எடுத்துக்கொண்டு போனபோது அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"இப்போ கேக்கலாம்ல? எல்லாம்தான் முடிஞ்சுபோச்சே. பேப்பர்ல போட்டிருந்தான், முதல்ல வேற மாதிரி எழுதி வச்சிருந்தாங்களாம். பள்ளிக்கூடங்களே செலவைக் குறைச்சுக்கணும்னு. நல்லா நைஸா எழுதியிருந்தாங்களாமே. அதை யாரு எழுதினதுக்கா?"

கையில் தட்டோடு நான் நின்றுவிட்டேன்.

அதற்குப் பெரியவள் என்ன செய்தாள் என்பதை நான் அங்கிருந்தே பார்த்தேன். இந்த இடத்துக்கு நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் "நான்தான்" என்கிறாள். இன்னொன்றில், "துறையில யாரோ எழுதினது, இப்போ எதுக்கு அது?" என்கிறாள். மூன்றாவதில் பதில் சொல்லாமல் தங்கையின் ஈரத் துண்டை வாங்கித் துவட்டிவிடுகிறாள். மூன்றில் ஒன்றுதான் நடந்தது. மூன்றையும் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். சதுர அடைப்புக்குள் போடும்படி இம்முறை அவள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கங்களைச் சீராக அடுக்கி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். அவள் மறைக்கச் சொல்லவில்லை, வெளியிடச் சொல்லவும் இல்லை.

ஆகவே அந்த ஒரு வரியை உங்களுக்கு விடுகிறேன். உங்களுக்கு ஓர் அக்காவோ தங்கையோ இருந்தால் சுலபம். எந்தப் பதிலை எழுதினாலும் கதை உடைந்துவிடாது, ஏனென்றால் அதற்கு அடுத்த வரி எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதை நானே பார்த்தேன்.

"அதை யாரு எழுதினதுக்கா?"

பெரியவள்: ……………………

சின்னவள் கொஞ்சநேரம் அவளையே பார்த்தாள். பிறகு, "சரி, நகரு. கால் நீட்டணும்" என்று சொல்லி, இரண்டு காலையும் தூக்கி அக்காவின் மடியில் போட்டுக்கொண்டு, நான் டீயை நீட்டுவதற்கு முன்பே தூங்கிப்போனாள்.